வால் சர்வோ துடிக்கிறது. பெரிய விமானத்திலும் இது நடக்குமா?

கேள்வி: நான் விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய ஆளில்லா விமானம் செய்துகொண்டிருக்கிறோம். விமானத்தின் தகவல்களைத் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி ரேடியோவை ஆன் செய்தாலே வால் பக்கத்து சர்வோ (வால் பரப்பை அசைக்கும் சிறிய மோட்டார்) வெட்டி வெட்டி இழுக்கிறது. சீனியர் ஒருவர் சொன்னபடி வயரைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றினோம். குறையவில்லை, கூடின மாதிரிதான் தெரிகிறது. பெரிய பயணிகள் விமானத்திலும் இப்படி ஆகாதா என்று வகுப்பில் கேட்டேன். "அதில் மூன்று கணினிகள் இருக்கும், ஒன்று குழம்பினால் மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தது. ஒரே ரேடியோ அலை மூன்றையும் சேர்த்துக் குழப்பாதா? ராணுவ ஹெலிகாப்டர்கள் ரேடியோ கோபுரத்தால் விழுந்தன என்று படித்தேனே, அது உண்மையா? என் அம்மா வேறு, போன முறை விமானத்தில் போனை ஏர்பிளேன் மோடில் போட மறந்துவிட்டேன் என்று இன்னும் பயந்துகொண்டிருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம், அது சுலபம். பயணி ஒருவரின் போனால் விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்புகள் (இறக்கையிலும் வாலிலும் அசையும் பகுதிகள்) தானாக அசைந்து விபத்து நேர்ந்தது என்று எந்த விசாரணையும் நிறுவியதில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் விமானத்தில் யாராவது ஒருவர் மறந்துவிடத்தான் செய்வார். விமானத்தை வடிவமைப்பவர்களுக்கும் அது தெரியும்.

உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கணக்கு. இன்றைய 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்புவது சுமார் 0.2 வாட். பழைய 2ஜி போன் என்றால் துடிப்பின் உச்சத்தில் 2 வாட். 1 மீட்டர் தள்ளி அதன் மின்புலம் எவ்வளவு என்று பார்த்தால், முதலாவதுக்கு மீட்டருக்கு சுமார் 2.5 வோல்ட், இரண்டாவதுக்கு 8 வோல்ட். வாட்டை 30 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தூரத்தால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும். அந்தச் சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சர்வோவுக்கும் தேவைப்படும். மறுபக்கம், பெரிய விமானத்தின் உயிர்நாடியான கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குச் சான்று தரும்போது, விமானத்துக்கு வெளியே ரடார் துடிப்பின் உச்சத்தில் மீட்டருக்கு 3,000 வோல்ட் வரை புலம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். "போன் உள்ளே அல்லவா இருக்கிறது, விமானத்தின் உலோக உடல் அதைத் தடுக்காதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெளிப்புலத்தை உடல் எவ்வளவு குறைக்கும் என்பதைக் கழித்த பிறகும், உள்ளே இருக்கும் பெட்டிகள் தாங்க வேண்டிய அளவு ஒரு போனின் புலத்தைவிட நல்ல இடைவெளியில் மேலேதான் இருக்கும்.

அப்புறம் எதற்கு அணைக்கச் சொல்கிறார்கள்? பாதிக் காரணம் தரையில் இருக்கிறது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 1991இல் வானத்தில் செல்போனைத் தடை செய்தபோது அதன் கவலை விமானம் அல்ல, தரையில் உள்ள கோபுரங்கள்தான். உயரத்தில் இருக்கும் போன் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கோபுரங்களின் கண்ணில் பட்டு வலையமைப்பைக் குழப்பிவிடும். மீதிப் பாதி விமானத்தைப் பற்றியது, ஆனால் கட்டுப்பாட்டுக் கணினியைவிட ரேடியோ ரிசீவர்களைப் பற்றிய கவலை அது. 2013 அக்டோபர் 31 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், தாங்கும் திறனைச் சோதித்துக் காட்டிய விமானங்களில் பயணம் முழுக்கக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று தளர்த்தியது. ஏர்பிளேன் மோடு மட்டும் தொடர்ந்தது. சோதனை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். போயிங் 737, 777 விமானங்களின் ஒரு வகைக் காக்பிட் திரைகள், வைஃபை பொருத்தும் வேலைக்காக நடந்த சோதனையில் இருண்டு போயின. அவற்றை மாற்றச் சொல்லி 2014இல் அதே நிர்வாகம் உத்தரவிட்டது. சோதனையில் வைத்த அளவு பயணிகளின் கருவிகள் தரக்கூடியதைவிட அதிகம் என்று தயாரித்த தரப்பு வாதிட்டது. இருந்தாலும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

ஆக அம்மாவிடம், அவர் போனால் ஒன்றும் ஆகியிருக்காது, அடுத்த முறை மோடில் போட்டுவிட்டால் போதும் என்று சொல்லிவிடுங்கள். இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது அம்மாவின் கேள்வியைவிடக் கடினமானது, வகுப்பில் கிடைத்த பதில் அதற்குப் போதாது.

முதலில், நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஓர் அலை, நொடிக்குச் சில முறை மட்டுமே மாறும் ஒரு கட்டுப்பாட்டு சிக்னலை எப்படித் தொட முடியும்? அவ்வளவு வேகமாக ஆட எந்தச் சர்வோவாலும் முடியாதே. இதைப் புரிந்துகொள்ளாமல் கவசம், ஃபில்டர் என்று பேசிப் பயனில்லை.

வயர் ஆண்டெனாவாகிறது, அது தெரிந்த விஷயம். நீளம் அரை அலைநீளத்தை நெருங்கும்போது நன்றாகவே வாங்கும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அது 1.5 மீட்டர், அதாவது ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்குப் போகும் வயர் கட்டின் நீளம். வாங்கிய மின்னோட்டம் ஓர் ஆம்ப்ளிஃபையரின் வாசலுக்கு வருகிறது. அங்கே இருக்கும் டிரான்சிஸ்டர் சந்திப்பு, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு டையோடும்தான். அந்த வேகத்தை ஆம்ப்ளிஃபையரால் பெருக்க முடியாது, ஆனால் டையோடு அதை நேர்மின்னோட்டமாக்கிவிடும். அலையின் உச்சம் ஏறி இறங்கினால், அந்த ஏற்ற இறக்கம் மட்டும் மெதுவான சிக்னலாக உள்ளே நுழைந்துவிடுகிறது. பழைய 2ஜி போன் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் "டிடிடி டிடிடி" என்று உறுமுமே, அதுவும் இதுதான். போன் பேசியது 900 மெகாஹெர்ட்ஸில், உங்கள் காதில் விழுந்தது அது நொடிக்கு 217 முறை ஆன் ஆகி ஆஃப் ஆனது.

சோதனைக் கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். செம்புத் தகடு போர்த்திய மேஜை. அதன் மேல் பெட்டி. வயர் கட்டு தகட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் தாங்கிகளின் மேல் ஓடும். கட்டைச் சுற்றி வளையம் போல ஒரு கிளாம்பை மாட்டி, அதன் வழியே மின்னோட்டத்தைத் திணித்து, அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காது, அறையில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். திடீரென்று ஏதோ ஒரு குறுகிய இடத்தில் மட்டும் பரப்பை அசைக்கும் ஆக்சுவேட்டரின் நிலையைக் காட்டும் அளவு மெல்ல நடுங்கும். திணிக்கும் அலைக்குப் போட்டிருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் மாடுலேஷனை (அலையின் உச்சத்தை நொடிக்கு ஆயிரம் முறை ஏற்றி இறக்குவதை) நிறுத்தினால் நடுக்கம் நின்று, அளவு ஒரு பக்கமாக நகர்ந்து அப்படியே உட்கார்ந்துகொள்ளும். நடுக்கத்தைவிட எனக்கு இது அதிகக் கவலை தரும். நடுங்கும் சிக்னலைக் கணினி சந்தேகப்படும். அமைதியாக 2 டிகிரி தள்ளி நிற்கும் சிக்னலை அது நம்பிவிடும்.

பழைய விமானங்களில் இந்தப் பேச்சே கிடையாது. விமானியின் கைப்பிடியிலிருந்து வால் வரை எஃகுக் கேபிளும் கப்பியும். ரேடியோ அலை எஃகுக் கேபிளைப் பிடித்து இழுக்காது. 1972 மே மாதம் நாசா ஓர் எஃப்-8 போர் விமானத்தில் அந்தக் கேபிள்களை எடுத்துவிட்டு டிஜிட்டல் கணினி வழியாகப் பறந்து காட்டியது. 1988இல் ஏர்பஸ் ஏ320 அதே முறையோடு பயணிகள் சேவைக்கு வந்தது. அதற்குப் பிறகு வயரில் ஓடும் எண்தான் விமானத்தின் வால்.

நீங்கள் படித்த ஹெலிகாப்டர் கதை அமெரிக்க ராணுவத்தின் யூஎச்-60 பிளாக் ஹாக்கைப் பற்றியது. அதன் வாலில் கிடைமட்டமாக ஒரு பெரிய பரப்பு இருக்கும், ஸ்டெபிலேட்டர் என்பார்கள். ஒரே இடத்தில் நின்று பறக்கும்போது மேலேயிருந்து ரோட்டரின் காற்று அதன் மேல் கொட்டும். அதனால் பின்விளிம்பு நன்றாகக் கீழே சாய்ந்துகொள்ளும். வேகம் கூடக் கூடத் தானாக மட்டமாகும். வேகம், கைப்பிடியின் நிலை போன்ற சென்சார் அளவுகளைப் பார்த்து மின்சார ஆக்சுவேட்டர்கள் இதைச் செய்கின்றன. இப்போது, முழு வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்போது "நாம் நின்றுகொண்டிருக்கிறோம்" என்று அந்தப் பெட்டி நம்பிவிட்டது என்று வையுங்கள். பின்விளிம்பு கீழே இறங்கும், வால் மேலே தூக்கப்படும், மூக்கு தரையைப் பார்க்கும். தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டரில் விமானிக்கு அதைத் திருத்த நேரம் இருக்காது.

1981க்கும் 1987க்கும் இடையே நடந்த ஐந்து பிளாக் ஹாக் விபத்துகளை, சக்தி வாய்ந்த ரேடியோ கோபுரங்களுக்கு மிக அருகில் பறந்ததோடு இணைத்து, மின்காந்தக் குறுக்கீடு பற்றி 1995இல் நாசா வெளியிட்ட தொகுப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்கும் அதுதான் காரணமா என்பதில் அப்போதே சர்ச்சை இருந்தது. சர்ச்சையை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு ஒப்பீட்டைப் பாருங்கள். அதே ஹெலிகாப்டரின் கடற்படை வடிவம் எஸ்எச்-60 சீஹாக். போர்க்கப்பலின் தளத்தில் ரடார்களுக்கு நடுவே இறங்க வேண்டியது என்பதால் ஆரம்பத்திலேயே கடுமையான புலத்துக்கு ஏற்ற கவசத்தோடு கட்டினார்கள். அதற்கு இந்தத் தொல்லை வரவில்லை. ராணுவத்தின் ஹெலிகாப்டருக்கும் பிற்பாடு கவசத்தைக் கூட்டினார்கள். 1984இல் ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒரு டொர்னாடோ போர் விமானம் சக்தி வாய்ந்த வானொலி நிலையத்தின் பக்கத்தில் பறந்து விழுந்ததையும் அதே தொகுப்பு குறிப்பிடுகிறது. ஆக, உண்மைதான், ஆனால் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே எதிரில் நின்றவை பெரும் சக்தியோடு ஒலிபரப்பும் கோபுரங்கள். பயணிகள் விமானங்களுக்கான கடும் புல விதிகள் முதலில் விமானத்துக்கு விமானம் தனி நிபந்தனைகளாக வந்து, 2007இல் அமெரிக்காவில் பொதுவான விதியாகின. ஹெலிகாப்டர்கள் கோபுரங்களுக்குப் பக்கத்தில் போகக்கூடியவை என்பதால் அவற்றுக்கு இன்னும் கடுமையான அளவுகள்.

இனி மூன்று கணினி. பாடப்புத்தகத்தில் ஒரு கணினி பழுதாக வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால் மூன்றும் சேர்ந்து பழுதாக வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று என்று பெருக்கிக் காட்டியிருப்பார்கள். அந்தப் பெருக்கல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ரேடியோ அலை அந்த நிபந்தனையைத்தான் முதலில் உடைக்கிறது. ஒரே அறையில், ஒரே மாதிரி மூன்று பெட்டிகள், ஒரே நீளத்தில் மூன்று வயர் கட்டுகள் என்றால், மூன்றும் ஒரே அலைவரிசையில், ஒரே திசையில், ஒரே அளவு தவறும். பெரும்பான்மை சொல்வதை ஏற்பதுதான் மூன்று கணினி முறை; மூன்றும் ஒன்றுபோலத் தவறினால் அந்த வாக்கெடுப்பில் பொய்தான் ஜெயிக்கும். உங்கள் சந்தேகம் முற்றிலும் சரி.

அதனால்தான் பெரிய விமானங்களில் எண்ணிக்கையோடு நிறுத்துவதில்லை. ஏ320இல் இறக்கை ஓரத்து ஏலரானையும் வாலின் எலிவேட்டரையும் பார்த்துக்கொள்ளும் கணினி ஒரு வகை, இறக்கையின் மேலுள்ள ஸ்பாய்லரையும் எலிவேட்டரையும் பார்ப்பது இன்னொரு வகை. ஒன்றுக்குள் மோட்டரோலா 68010, மற்றதற்குள் இன்டெல் 80186. போயிங் 777இல் மூன்று முதன்மைக் கணினிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று வழிகள், அந்த மூன்றிலும் மூன்று வேறு நிறுவனங்களின் சிப்கள். வயர்களும் வெவ்வேறு பாதைகளில் ஓடும். ஒரே அலை எல்லாவற்றையும் ஒரே விதமாகத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். அதற்கும் மேலே ஒரு தடுப்பு மென்பொருளில் இருக்கிறது: வந்த எண் நம்பத்தக்கதா என்று சோதிப்பது. அந்தத் தடுப்பும் எப்படி ஏமாறலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், இது குறுக்கீட்டால் நடந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008 அக்டோபர் 7. குவான்டாஸ் 72, ஏர்பஸ் ஏ330, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அருகே பறந்துகொண்டிருக்கும்போது திடீரென்று மூக்கைக் கீழே குத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். விமானம் லியர்மந்த்தில் இறங்கியது. அந்த ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத இடத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் கடற்படை நிலையம் ஒன்று இருக்கிறது, 19.8 கிலோஹெர்ட்ஸில் சுமார் ஒரு மெகாவாட் சக்தியோடு அனுப்பக்கூடியது. ஆக எல்லோருடைய சந்தேகமும் அங்கே போனது. ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு அதை விரிவாகச் சோதித்து, அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றே முடித்தது. நடந்தது இதுதான்: மூன்று தரவுப் பெட்டிகளில் ஒன்று, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்துக்குப் பதிலாக அவ்வப்போது பொய்யான கூர்முனை எண்களை அனுப்பியது. கட்டுப்பாட்டுக் கணினிக்கு அதைத் தடுக்கத் தெரியும். திடீரென்று தாவும் எண் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு, முந்தைய நல்ல எண்ணை 1.2 நொடி பிடித்துக்கொள்ளும். ஆனால் முதல் கூர்முனைக்குச் சரியாக 1.2 நொடி கழித்து இன்னொரு கூர்முனை வந்தால்? பிடித்துவைத்த நேரம் முடிந்த அந்தக் கணத்தில் வந்த பொய் எண் நேராக உள்ளே போய்விட்டது. மற்ற இரண்டு பெட்டிகளும் சரியான எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

இதைப் படித்தபோது எனக்குப் பட்டது, குறுக்கீட்டைப் பற்றி யோசிக்கும் யாரும் பெட்டிக்கு வெளியே மட்டும் பார்க்கக் கூடாது என்பது. எண் கெட்டது எதனால் வேண்டுமானாலும் இருக்கட்டும், கெட்ட எண்ணைக் கணினி என்ன செய்கிறது என்பதுதான் விமானத்தின் மூக்கைத் தீர்மானிக்கிறது.

இதே வரிசையில், 2025 நவம்பர் இறுதியில் வந்த ஏ320 செய்தியையும் பலர் குறுக்கீடு என்றே நினைத்துக்கொண்டார்கள். கடுமையான சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ் அறிவித்து, சுமார் 6,000 விமானங்களுக்குத் திருத்தம் தேவைப்பட்டது. பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருள் பதிப்புக்குத் திரும்பினார்கள். அது வயர் வழியாக நுழையும் ரேடியோ அலை அல்ல, சிப்புக்குள்ளேயே ஒரு பிட்டைப் புரட்டும் துகள். கவசம் போட்டு அதைத் தடுக்க முடியாது. தேர்வில் இரண்டையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

இதுவரை சொன்னது கொல்லைப்புற வழி: வயரில் ஏறி, வரக் கூடாத இடத்தில் நுழைவது. முன்வாசல் ஒன்றும் இருக்கிறது, அது ஆண்டெனா. அதை மூடவே முடியாது, கேட்பதற்காகத்தானே வைத்திருக்கிறோம். ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் தரையை நோக்கி அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கேட்டு உயரத்தைச் சொல்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 3.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 5ஜி வந்தபோது பெரிய அமளி ஆனதற்குக் காரணம், பழைய ஆல்டிமீட்டர்கள் சில தங்கள் எல்லைக்கு வெளியே உள்ள அலையையும் காதில் வாங்கிக்கொள்ளும் என்பது. விமான நிலையங்களுக்கு அருகே கோபுரங்களை ஆன் செய்வதைத் தள்ளிப் போட்டார்கள், சில விமானங்களுக்குக் குறைந்த பார்வைத் தூரத்தில் இறங்கத் தடை வந்தது, பிறகு ஃபில்டர் மாட்டிச் சரி செய்தார்கள்.

உயரம் காட்டும் கருவிக்கு ஏன் இத்தனை பதற்றம் என்றால், அந்த எண்ணை விமானி மட்டும் பார்ப்பதில்லை, ஆட்டோ பைலட்டும், என்ஜின் சக்தியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டிலும் பார்க்கின்றன. 2009 பிப்ரவரி 25 அன்று டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951 ஆம்ஸ்டர்டாமில் இறங்க வந்தபோது இடது ஆல்டிமீட்டர் கழித்தல் 8 அடி என்று காட்டியது. "தரையைத் தொட்டாயிற்று" என்று முடிவு செய்த ஆட்டோ த்ராட்டில் என்ஜினைத் தணித்துவிட்டது. வேகம் குறைந்ததைக் காக்பிட்டில் கவனிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. 9 பேர் இறந்தார்கள். அங்கே குறுக்கீடு என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு பொய் உயரம் எங்கே வரை போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

கவசத்தைப் பற்றிக் கொஞ்சம். மாணவர்கள் எல்லோரும் கவசம் என்றால் போர்வை என்று நினைக்கிறீர்கள், சுற்றிவிட்டால் போதும் என்று. கவசத்தின் வேலை நடுவில் நடப்பதில்லை, இரண்டு முனைகளில் நடக்கிறது. வயரைச் சுற்றியுள்ள செம்புப் பின்னல் வாங்கிய மின்னோட்டம், கனெக்டரின் உலோகக் கூட்டைச் சுற்றிலும் தொட்டு, அங்கிருந்து பெட்டியின் உடலுக்கு, அங்கிருந்து விமானத்தின் உடலுக்கு இறங்க வேண்டும். சோம்பேறித்தனமாகப் பின்னலை முறுக்கி, 5 சென்டிமீட்டர் வயராக நீட்டி ஒரு பின்னில் சேர்ப்பவர்கள் உண்டு. பிக்டெயில் என்போம். மல்டிமீட்டரில் அது சுழியம் ஓம் காட்டும். ஆனால் அதன் இண்டக்டன்ஸ் சுமார் 50 நானோஹென்றி, 100 மெகாஹெர்ட்ஸில் 31 ஓம். சோதனையில் தேறிய ஒரு பெட்டி, பழுது பார்த்து வந்த பிறகு தேறாமல் போனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்து, உடலோடு சேர்க்கும் பாண்டிங் பட்டையின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டினார்களா, துரு ஏறியிருக்கிறதா என்று. பல இடங்களில் அங்கே 2.5 மில்லி ஓமுக்கு மேல் போகக் கூடாது, சாதாரண மீட்டரில் அதை அளக்கவே முடியாது. போயிங் 787 போல எடையில் பாதி கார்பன் கலவையான விமானத்தில் உடலே அலுமினியம் அளவுக்குக் கடத்தாது என்பதால், மின்னலுக்காக மேல்தோலுக்குள் செம்பு வலையைப் புதைத்து, மின்னோட்டத்துக்குத் தனிப் பாதையும் போட வேண்டியிருக்கிறது. இருபது வருடம் பறந்த விமானத்தில் இந்த இணைப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது, பயணியின் பையில் எந்த போன் இருக்கிறது என்பதைவிட எனக்கு முக்கியமான கேள்வி.

சரி, உங்கள் சர்வோ. முன்னே சொன்ன சூத்திரத்தைப் போடுங்கள். டெலிமெட்ரி 0.1 வாட், ஆண்டெனா சர்வோ வயரிலிருந்து 10 சென்டிமீட்டர் என்றால் மீட்டருக்கு சுமார் 17 வோல்ட். இவ்வளவு பக்கத்தில் சூத்திரம் துல்லியமாக இருக்காது, ஆனால் எந்த உலகத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டும். 1 வாட் ரேடியோ என்றால் 55 வோல்ட். பயணிகள் விமானத்தில் அம்மாவின் போன் தரும் புலத்தைவிட இது பல மடங்கு, அதுவும் எந்தக் கவசமும் இல்லாத மூன்று கம்பிகளுக்கு. 433 மெகாஹெர்ட்ஸ் என்றால் அரை அலைநீளம் 35 சென்டிமீட்டர். உங்கள் வால் வரை போகும் வயரை அளந்து பாருங்கள், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அலுமினியத் தாளின் முனைகள் எதனோடும் சேரவில்லை என்றால் நீங்கள் கவசம் போடவில்லை, இன்னொரு ஆண்டெனாவைக் கட்டியிருக்கிறீர்கள். அதைக் கழற்றிவிடுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் அலை எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ரேடியோவின் ஆண்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடை (சக்தியைக் காற்றில் விடாமல் வெப்பமாக்கிவிடும் மின்தடை) மாட்டி அனுப்பவிடுங்கள். எதுவும் மாட்டாமல் மட்டும் ஆன் செய்யாதீர்கள், ரேடியோ போய்விடும். டம்மி லோடிலும் சர்வோ துடித்தால் தொல்லை காற்றில் வரவில்லை, மின்சாரத்தில் வருகிறது: ரேடியோ அனுப்பும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தை இழுத்து, சர்வோவின் 5 வோல்ட்டையும் சேர்த்துத் தள்ளாட வைக்கிறது. அப்படியானால் ரேடியோவுக்கும் சர்வோவுக்கும் தனித்தனி ரெகுலேட்டர், ரேடியோவுக்கு அருகில் நல்ல கெப்பாசிட்டர், இரண்டின் தரை வயர்களும் பேட்டரியில் மட்டும் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு சதவீதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் மாணவர் விமானங்களில் இது அடிக்கடி குற்றவாளியாக இருக்கும், யாரும் சந்தேகப்படுவதில்லை.

டம்மி லோடில் துடிப்பு நின்றுவிட்டால், வழி காற்றுதான். முதல் மருந்து தூரம்: ஆண்டெனாவை இறக்கை முனைக்கு மாற்றுங்கள். 10 சென்டிமீட்டர் 50 ஆனால் புலம் ஐந்தில் ஒன்றாகிவிடும், செலவே இல்லை. அப்புறம் சர்வோவின் மூன்று கம்பிகளையும் சேர்த்து முறுக்குங்கள், மிச்ச நீளத்தைச் சுருட்டி வைக்காமல் வெட்டிக் குறைத்துவிடுங்கள், சர்வோவுக்கு நுழையும் இடத்தில், வயரில் ஏறும் ரேடியோ மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையம் போடுங்கள். வளையம் எந்த அலைவரிசைக்கு என்று பார்த்து வாங்குங்கள், பவர் சப்ளையிலிருந்து கழற்றியது 433இல் ஒன்றும் செய்யாது. இன்னொன்று, உங்கள் கட்டுப்பாட்டுப் பலகை 3.3 வோல்ட் துடிப்பு அனுப்பி, சர்வோ 5 வோல்ட்டை எதிர்பார்க்கிறது என்றால், 1 முதல் 2 மில்லிநொடி வரையிலான அந்தத் துடிப்பின் விளிம்பு எங்கே என்று சர்வோ ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும். நடுவில், 3.3 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் ஒரு லெவல் ஷிஃப்டர் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், ஐந்தையும் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் வால் துடித்தால், வயரின் நீளம், ரேடியோவின் அலைவரிசை, சக்தி, ஆண்டெனா எங்கே இருக்கிறது என்பதோடு ஒரு படமும் எடுத்து எழுதுங்கள். சோதனை முழுக்கத் தரையில்தான், புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு.